யூரினில் நாலு பிளஸ், ரத்தத்தில் நார்மல்

எங்கள் லேபில் முன்பெல்லாம் சண்டை வந்தால் சில்லறைக்காக வரும். இல்லையென்றால் பாஸ்டிங் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவரை வரிசையில் நிற்க வைத்ததற்காக வரும். கொஞ்ச வருஷமாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பெரம்பூர் கேரேஜ் வொர்க்ஸில் இருந்து ரிட்டயர்டான ஒரு சார், ரிப்போர்ட்டை கவுன்டர் மேல் விரித்து வைத்து, "ஏம்மா, பாஸ்டிங் 118 போட்டிருக்கீங்க. சாப்ட்டப்புறம் 152. யூரின்ல மட்டும் சுகர் நாலு பிளஸ்ஸா? எவன் பாட்டிலையோ என் பேர்ல போட்டுட்டீங்க" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் கையிலிருந்த தங்கள் பாட்டிலை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

"பாட்டில் மாறல சார். என்ன மாத்திரை போடறீங்க, அட்டையைக் காட்டுங்க" என்றேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தார். டாபாக்ளிப்ளோசின், 10 மில்லிகிராம். "இந்த மாத்திரையோட வேலையே அதுதான் சார், சர்க்கரையை யூரின் வழியா வெளிய தள்றது." அவர் நம்பவில்லை. "டாக்டர் சொல்லலையே" என்றார். அதுதான் என் ஆதங்கமும். கவுன்டரில் நின்றுகொண்டு இரண்டு வாக்கியத்தில் சொல்லக்கூடிய சமாசாரம் இல்லை இது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை சண்டைக்கு வருகிறவருக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

நான் டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீசியன் டிப்ளமோ படித்தபோது யூரின் சுகர் என்றால் பெனடிக்ட்தான். நீலக் கரைசல் 5 மில்லி, அதில் 8 சொட்டு யூரின். டெஸ்ட் ட்யூபை ஹோல்டரில் சாய்த்துப் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் ஆட்டி ஆட்டிக் காட்ட வேண்டும். ட்யூபின் வாய் நம் பக்கமும் இருக்கக் கூடாது, பக்கத்தில் நிற்பவள் பக்கமும் இருக்கக் கூடாது. கொதி வந்தால் சட்டென்று பீறிட்டு அடிக்கும். நீலம் நீலமாகவே இருந்தால் 'நில்', அதாவது சர்க்கரை இல்லை. பச்சை ஒரு பிளஸ், மஞ்சள் இரண்டு, ஆரஞ்சு மூன்று, செங்கல் சிவப்பு நாலு. செங்கல் நிறத்தில் அடியில் மண்டி படிந்துவிட்டால், எங்கள் மேடம் அந்தச் சீட்டைத் தனியாக எடுத்து வைத்து, "இவங்கள இன்னிக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லு" என்பார். ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறாமல் யூரினில் அவ்வளவு வராது என்பது அப்போதைய கணக்கு. அந்தக் கணக்கு ஏன் சரியாக இருந்தது, இப்போது ஏன் உடைந்தது என்பதற்குச் சிறுநீரகத்துக்குள் கொஞ்சம் போய்ப் பார்க்க வேண்டும்.

சிறுநீரகம் வேலை செய்யும் விதமே விசித்திரம். வேண்டாததைத் தேடிப் பிடித்து வெளியேற்றுவதில்லை. சின்னதாக இருக்கும் எல்லாவற்றையும் முதலில் வடிகட்டி வெளியே விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நிமிஷத்துக்குச் சுமார் 125 மில்லி வடிகட்டுகின்றன; நாள் முழுக்க 180 லிட்டர். ரத்தத்தில் 100 மில்லிக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் என்று வைத்தால், தினமும் 180 கிராம் சர்க்கரை அந்த வடிநீரில் இறங்குகிறது. 700 கலோரிக்கு மேல். அத்தனையும் யூரினில் போயிருந்தால் மனுஷன் எப்போதோ எலும்பும் தோலுமாகியிருப்பான். ஆனால் சுகர் இல்லாதவர் யூரினில், இப்போது பெனடிக்ட்டுக்குப் பதில் நாங்கள் பயன்படுத்தும் சோதனை ஸ்ட்ரிப்பை முக்கினால் நிறமே மாறாது. அதாவது, போன 180 கிராமும் கிட்டத்தட்ட மொத்தமாகத் திரும்பி வந்துவிட்டது.

திரும்பி வருவது அவ்வளவு லேசு இல்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான், அதாவது வடிகட்டும் நுண் அலகுகள். ஒவ்வொன்றிலும் வடிகட்டிக்கு அடுத்தாற்போல் ஒரு சுருள் குழல். அதன் சுவரில் ஒரே அடுக்காகச் செல்கள். செல்லின் ஒரு முகம் வடிநீரைப் பார்த்திருக்கும், மறு முகம் ரத்த நாளத்தைப் பார்த்திருக்கும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆன இரட்டைப் படலம். குளுக்கோஸோ உடம்பெல்லாம் ஹைட்ராக்சில் என்ற ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடிகள் தொங்க, தண்ணீரோடு ஒட்டி உறவாடும் பண்டம். கொழுப்புக்கு ஆகவே ஆகாது. தானாக அந்தப் படலத்தைக் கடக்காது. சவ்வில் குறுக்கே பதிந்திருக்கும் புரதம் ஒன்று கைகொடுத்தால்தான் உண்டு.

வடிநீர்ப் பக்கம் இருக்கும் அந்தப் புரதத்துக்கு எஸ்ஜிஎல்டி2 என்று பெயர். சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே தூக்கும். ஒன்று இல்லாமல் மற்றதை எடுக்காது. இது சவ்வில் போட்ட வெறும் ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது. நம்ம ஊர் பக்கிங்ஹாம் கால்வாயில் உப்புப் படகும் விறகுப் படகும் ஓடிய காலத்தில் ஆங்காங்கே லாக் கட்டியிருந்தார்கள். படகு உள்ளே வந்ததும் பின் கதவை மூடுவார்கள், அதற்கப்புறம்தான் முன் கதவைத் திறப்பார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தால் மட்டம் எல்லாம் போச்சு. இந்தப் புரதமும் அந்த மாதிரிதான். முதலில் வடிநீர்ப் பக்கம் வாயைத் திறந்து வைத்திருக்கும். சோடியம் வந்து தன் இடத்தில் உட்காரும். அது உட்கார்ந்ததும் குளுக்கோஸுக்கான குழி சரியான வடிவத்துக்கு வரும். குளுக்கோஸ் பொருந்தியவுடன் வெளி வாய் மூடிக்கொள்ளும், புரதம் உருமாறி உள் வாய் திறக்கும். செல்லுக்குள் சோடியம் ரொம்பக் குறைவு. அதனால் சோடியம் கழன்று விழும், கூடவே சர்க்கரையும். காலியான புரதம் மறுபடி வெளிப்பக்கம் திரும்பும். நாம் தூங்கும்போதும் இது நடந்துகொண்டே இருக்கிறது.

சர்க்கரை செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும்போது இன்னும் சர்க்கரையை உள்ளே தள்ளுவதற்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எஸ்ஜிஎல்டி2 நேரடியாக ஒரு பைசா செலவழிப்பதில்லை. செலவு செல்லின் முதுகுப் பக்கம் நடக்கிறது. ரத்தத்தைப் பார்த்த முகத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்பு ஒன்று இருக்கிறது. செல்லின் எரிபொருளான ஏடிபி ஒன்றை உடைத்து, 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957இல் இதைக் கண்டு சொன்னார். நோபல் கைக்கு வந்தது 1997இல். நாற்பது வருஷம். நல்லவேளை, மனுஷன் இருந்தார் வாங்கிக்கொள்ள.

பம்பு ஓயாமல் இறைப்பதால் செல்லுக்குள் சோடியம் லிட்டருக்கு 10, 15 மில்லிமோல் என்ற அளவில் நிற்கிறது. வெளியே வடிநீரில் 140. போதாக்குறைக்குச் செல்லின் உட்புறம் எதிர்மின் சுமையோடு வேறு இருக்கிறது. ஆக, சோடியத்துக்கு உள்ளே விழ வேண்டும் என்று ஒரே தவிப்பு. அந்தத் தவிப்பைப் பிடித்துக்கொண்டுதான் சர்க்கரை ஏறி வருகிறது. சோடியம் விழுகிற வேகத்தில் சர்க்கரை ஏறும் என்ற யோசனையை ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராகில் நடந்த ஒரு கருத்தரங்கில் சொன்னார். அவர் பேசியது குடலைப் பற்றி. ஆனால் சிறுநீரகமும் அதே தந்திரத்தில்தான் ஓடுகிறது.

உள்ளே வந்த சர்க்கரை முதுகுப் பக்கமாக ரத்தத்துக்குப் போவதில் பெரிய கதை ஒன்றும் இல்லை. அங்கே குளூட்2 என்று வேறொரு புரதம் இருக்கிறது. செல்லுக்குள் சர்க்கரை அதிகம், வெளியே குறைவு. வழிவிட்டால் தானாக இறங்கிவிடும். சோடியமும் வேண்டாம், ஏடிபியும் வேண்டாம்.

எஸ்ஜிஎல்டி2 இருப்பது குழலின் முன்பகுதியில். வடிந்த சர்க்கரையில் 90 சதவீதம் அங்கேயே முடிந்துவிடும். மீதிக்குப் பின்னால் எஸ்ஜிஎல்டி1 காத்திருக்கிறது. முன்னது ஒரு சர்க்கரைக்கு ஒரு சோடியம் என்று கணக்குப் பார்க்கும். இது இரண்டு சோடியம் கேட்கும். ஏன் இந்த ஊதாரித்தனம்? அந்த இடத்துக்கு வருவதற்குள் வடிநீரில் சர்க்கரை அற்பமாகிவிடும். அற்பமாக இருப்பதை வழித்தெடுக்க இழுவை கூடுதலாக வேண்டும். ஒரு சோடியத்தின் இழுவை செல்லுக்குள் சர்க்கரையை வெளியைவிடத் தோராயமாக நூறு மடங்கு வரை சேர்க்கப் போதும் என்றால், இரண்டு சோடியம் இருநூறு மடங்கில் நிற்பதில்லை. பெருக்கல் கணக்கில் பத்தாயிரம் மடங்குக்குப் போய்விடும். கொள்ளை கொள்ளையாக இருக்கும்போது சிக்கனமானவனை முன்னே நிறுத்தி, கடைசிச் சொட்டை வழிக்க வலுவானவனைப் பின்னே நிறுத்தியிருக்கிறது இயற்கை. இதே எஸ்ஜிஎல்டி1தான் குடலிலும் இருக்கிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தில் ஒரு லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல் என்று சமமாக வைத்திருப்பது இதற்காகத்தான். இரண்டும் ஜோடியாகப் போனால்தான் தண்ணீரும் கூடவே போகும். ருசிக்காக ஒரு ஸ்பூன் சர்க்கரையைச் சேர்த்துப் போடுகிற அம்மாக்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

இப்போது பழைய பெனடிக்ட் கணக்குக்கு வருவோம். இந்தப் புரதங்களின் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் வடிநீரில் வரும் சர்க்கரையைத் தூக்கி மாளாது. மிச்சம் யூரினில் வழியும். அதனால்தான் செங்கல் சிவப்பைப் பார்த்து மேடம் பயந்தார். ஆனால் அந்த 180 எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. பல வருஷ சுகர்காரர்களுக்குச் சிறுநீரகம் இன்னும் கஞ்சத்தனமாகி, சர்க்கரையை அதிகமாகவே திரும்ப இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் 210, யூரினில் நில் என்று வருகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். "யூரின்ல இல்ல, அப்ப சுகர் கன்ட்ரோல்தான்" என்று அவர்கள் கிளம்பிவிடுவார்கள். வெளியே ஊற்ற வேண்டியதை உடம்பு விடாமல் பிடித்துவைத்திருக்கிறது என்பதுதான் நிஜம்.

கர்ப்பிணிகளிடம் நேர் எதிர். வடிகட்டும் அளவு கூடிவிடுவதால் ரத்தம் சாதாரணமாக இருக்கும்போதே யூரினில் சர்க்கரை எட்டிப் பார்க்கும். அதனால் யூரினை நம்பி முடிவு கட்டுவதே இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷய்யா முன்வைத்த முறையில், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140 தொடுகிறதா என்று பார்ப்போம். சாப்பிட்டு வந்தாலும் பரவாயில்லை என்பது அதில் பெரிய சௌகரியம். தாம்பரத்திலிருந்து ரயிலேறி வரும் பெண்ணை வெறும் வயிற்றோடு வா என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு வகையும் உண்டு. வெளிநாட்டு வேலைக்கு மெடிக்கல் எடுக்க வந்த ஒரு தம்பி. யூரினில் மூன்று பிளஸ். பாஸ்டிங் 88, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.2; இரண்டும் நார்மல். மாத்திரை எதுவும் கிடையாது. அவனை அனுப்பிய ஏஜென்சிக்காரர் யூரின் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "உனக்கு சுகர்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அவன் அம்மா என்னிடம் வந்து, "பொண்ணு பேசிக்கிட்டு இருக்கோம்க்கா, இப்படி ஆயிடுச்சே" என்று அழுதார். டாக்டரிடம் அனுப்பினேன். எஸ்ஜிஎல்டி2 புரதத்துக்கான ஜீனில் குறையோடு பிறக்கிறவர்கள் உண்டு. வாழ்நாள் முழுக்க யூரினில் சர்க்கரை போகும், பெரும்பாலும் உடம்புக்கு ஒரு கெடுதியும் இருக்காது, இவனுக்கும் அதுதான் என்றார் அவர். மருந்துக் கம்பெனிகளுக்குத் தைரியம் கொடுத்ததில் இப்படிப்பட்டவர்களுக்கும் பங்கு உண்டு. இந்தப் புரதம் இல்லாமலே ஒரு மனுஷன் நன்றாக வாழ முடியும் என்றால், அதை அடைத்தால் என்ன?

அடைக்கும் பொருள் எப்போதோ கிடைத்திருந்தது. 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1886இல் ஜெர்மனியின் வான் மெரிங், அது உள்ளே போனால் யூரினில் சர்க்கரை கொட்டுகிறது என்று காட்டினார். மூன்று வருஷம் கழித்து மின்கோவ்ஸ்கியோடு சேர்ந்து நாயின் கணையத்தை எடுத்தால் நீரிழிவு வரும் என்று நிரூபித்ததும் இவர்தான். புளோரிசினுடைய ஒரு முனையில் குளுக்கோஸே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முனை புரதத்தின் சர்க்கரைக் குழிக்குள் போய் உட்காரும். வால் வெளி வாயில் சிக்கிக்கொள்ளும். கதவு மூடவும் முடியாது, திரும்பவும் முடியாது. ஆனால் அதை அப்படியே மாத்திரையாகக் கொடுக்க வழியில்லை. குடலில் இருக்கும் நொதி அதைப் பாதியாக உடைத்துவிடும். எஸ்ஜிஎல்டி1ஐயும் அடைப்பதால் பேதி வேறு. குளுக்கோஸும் வாலும் சேரும் பிணைப்பை நொதியால் உடைக்க முடியாதபடி மாற்றி, எஸ்ஜிஎல்டி2ஐ மட்டும் குறிவைத்து வந்தவைதான் கிளிப்ளோசின்கள். இந்தியாவில் டாபாக்ளிப்ளோசினின் முதல் காப்புரிமை 2020 அக்டோபரில் முடிந்தது; எம்பாக்ளிப்ளோசினுடையது 2025 மார்ச்சில். விலை இறங்கியதும் எங்கள் கவுன்டரில் நாலு பிளஸ் ஏறியது.

ரிட்டயர்டு சாரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்த மாத்திரை போடும் சுகர்காரருக்கு ஒரு நாளில் 60 முதல் 80 கிராம் வரை குளுக்கோஸ் யூரினில் போகும். 70 என்று வைத்து, 2 லிட்டர் யூரின் என்றால், 100 மில்லியில் 3,500 மில்லிகிராம். ஸ்ட்ரிப்பில் கடைசிக் கட்டமே 2,000தான். நாலு பிளஸ் வராமல் என்ன வரும்? மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நிறுத்திய பிறகும் இரண்டு மூன்று நாள் வந்துகொண்டிருக்கும்.

கூர்மையானவர்கள் ஒன்று கேட்பார்கள். 90 சதவீதத்தைத் தூக்குவது எஸ்ஜிஎல்டி2 என்றால், அதை அடைத்ததும் 160 கிராம் போக வேண்டுமே, ஏன் 70? பின்னால் நிற்கும் எஸ்ஜிஎல்டி1தான் காரணம். சாதாரண நாளில் அதற்கு வேலை குறைவு. முன்னவன் கைவிட்டதும் அது முழு வலுவோடு இறங்கிவிடும். இந்த மாத்திரை மட்டும் போட்டால் லோ சுகர் அவ்வளவாக வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

சிறுநீரகம் சுமாராக இருப்பவர்களுக்கு வடிகட்டும் அளவே குறைவு என்பதால் சர்க்கரை அவ்வளவு போகாது. ஆனாலும் டாக்டர்கள் இதை எழுதுகிறார்கள். சர்க்கரையோடு சோடியமும் குழலில் கீழே இறங்கிப் போக, அங்கிருக்கும் செல்கள் அதை மோப்பம் பிடித்து, வடிகட்டிக்கு ரத்தம் வரும் நாளத்தைச் சற்றே இறுக்கும். வடிகட்டியில் அழுத்தம் குறையும்; சிறுநீரகம் கெடும் வேகமும் குறையும். 2019இல் வந்த கிரெடென்ஸ், 2020இல் வந்த டாபா-சிகேடி ஆய்வுகள் அதைக் காட்டின. டாபா-சிகேடியில் சுகர் இல்லாதவர்களும் இருந்தார்கள். இதில் எங்களுக்கு இன்னொரு சண்டை: ஆரம்பித்த சில வாரத்தில், சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று பார்க்க ரத்தத்தில் அளக்கும் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 1.1 இருந்தது 1.3 ஆகும். "மாத்திரை கிட்னியைக் கெடுத்துடுச்சு" என்று தானாக நிறுத்திவிடுகிறார்கள். அழுத்தம் குறைந்ததால் வரும் ஏற்றம் அது. அளவோடு இருக்கிறதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

என் தரப்பில் நான் செய்தது: ரிக்வெஸ்ட் ஃபாரத்தில் "சுகர் மாத்திரை பெயர்" என்று ஒரு கோடு சேர்க்கச் சொல்லி ஓனரிடம் நச்சரித்தேன். இடமில்லை என்றார். ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டேன். கிளிப்ளோசின் என்று எழுதியிருந்தால் ரிப்போர்ட்டின் கீழே "மருந்தின் விளைவாக இருக்கலாம்" என்று ஒரு வரி போடுகிறோம். சண்டை பாதியாகக் குறைந்தது.

ஆனால் எல்லா நாலு பிளஸ்ஸையும் அந்த ஒரு வரியோடு அனுப்பிவிட முடியாது. ஸ்ட்ரிப்பில் கீட்டோனுக்கு, அதாவது உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருளுக்கு, என்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. போன கந்த சஷ்டியின்போது ஒரு அம்மா வந்தார். விரதம், கூடவே இரண்டு நாளாக வாந்தி, ஆனால் மாத்திரையை மட்டும் பக்தியோடு போட்டுக்கொண்டிருந்தார். குளுக்கோஸ் கட்டம் அடர் பழுப்பு, கீட்டோன் கட்டம் ஊதா. ரத்தச் சுகர் 164. வாந்தியும் பட்டினியும் சேர்ந்த இடத்தில் இந்த மாத்திரை, ரத்தச் சுகர் அதிகம் ஏறாமலேயே கீட்டோன்களைக் குவித்து ரத்தத்தை அமிலமாக்கிவிடலாம். சுகர் 164தானே என்று வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். யூரின் ஸ்ட்ரிப் கீட்டோன்களில் அசிட்டோஅசிட்டேட்டை மட்டும்தான் பிடிக்கும். ரத்தத்தில் முக்கியமாகச் சேரும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் அதற்குத் தெரியாது. ஆகவே ஊதா வெளிறி இருந்தாலும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிப்போர்ட்டை பிரின்ட் போட்டுக் கவரில் வைக்காமல் அவருடைய டாக்டருக்கு நானே போன் செய்தேன். "உக்காரவே வேண்டாம், நேரா கேஷுவாலிட்டிக்கு அனுப்புங்க" என்றார். வெளியே ஷேர் ஆட்டோவில் ஏறப் போனவரை நிறுத்தி, தனி ஆட்டோ பிடித்து, மகனுக்கும் போன் போட்டுச் சொல்லி அனுப்பினோம்.